நின்ற வண்டியின் பிளக்குகள்

மார்ச் 3

என் அக்கா பெற்ற எரிமலையே, நான்கு சிலிண்டர்களின் சக்கரவர்த்தினியே,

‘இனிமே உங்ககூட பேசவே மாட்டேன் மாமா’ என்று சொல்லிவிட்டு ரயிலேறிப் போனாய். பேசமாட்டேன் என்றுதான் சொன்னாய். கடிதம் படிக்கமாட்டேன் என்று சொல்லவில்லை. அந்தச் சந்து வழியாகத்தான் இப்போது உள்ளே வருகிறேன்.

உன் காரை இன்னும் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். நீ உறை போட்டு மூடி, ‘தொடாதீங்க’ என்று சொல்லிவிட்டுப் போன அதே காரை. லீவுக்கு வந்து அது தெரிந்த அன்று நீ போட்ட சத்தத்தில் பக்கத்துத் தெரு நாய் குடும்பத்தோடு ஊரைக் காலி செய்துவிட்டது. நியாயமான கோபம். ஆனால் என் பழைய கார் கண்ணை மூடிவிட்டதே, நான் என்ன செய்ய? மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்தவர், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

உன் அத்தைக்கு முதுகுவலி. வாரத்தில் சில நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. பஸ் படி ஏற முடியவில்லை. டாக்சிக்காரர்களுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. மிச்சமிருப்பது உன் வாகனம் ஒன்றுதான்.

அதுவோ, ஆக்சிலரேட்டரை மிதித்தால் புலி, சிக்னலில் நின்றால் காசநோயாளி. இருமுகிறது, குலுங்குகிறது, செத்துப்போகிறது. பின்னால் இருப்பவர்கள் என் பரம்பரையையே விசாரிக்கிறார்கள். நேற்று வந்த கரும்புகையில் ஒரு போக்குவரத்துக் காவலரை முழுதாகக் காணவில்லை. விசில் சத்தம் மட்டும் கேட்டது.

பார்ட்ஸ் கடையில் நாம் ‘அகராதி’ என்று கூப்பிடுகிறோமே அந்த மனிதர், “பிளக்கை மாத்துங்க சார், அந்தப் பொண்ணு ரேஸ் பிளக் போட்டிருக்கு” என்கிறார். சூடான பிளக்காம், குளிர்ந்த பிளக்காம். எதை வாங்கட்டும்? அத்தையை ஏற்றிக்கொண்டு நடுவழியில் நிற்கக்கூடாது. என் கோரிக்கை அவ்வளவுதான்.

இப்படிக்கு,
மெத்தைக்கடையின் மாமன்னன், உன் மாமா


மார்ச் 12

மாமா,

கடிதம் வந்தது. கோபம் போகவில்லை.

பிளக்கை மாற்றாதீர்கள். காரணம் சொல்கிறேன், கதை சேர்க்காமல் படியுங்கள். பொறி விடுகிற பிளக்கின் நுனி நெருப்புக்குள்ளேயே இருக்கிறது. அந்தச் சூட்டைச் சீக்கிரம் இன்ஜினுக்குக் கடத்திவிடுவது குளிர்ந்த பிளக். மெதுவாகக் கடத்துவது சூடான பிளக். நான் டர்போ வைத்து பூஸ்ட்டை ஏற்றியிருக்கிறேன். அதாவது காற்றை அமுக்கி உள்ளே திணிக்கிறேன். உள்ளே சூடு அதிகம். அதில் சூடான பிளக் போட்டால் நுனி கனன்று, பொறி வருமுன்பே பெட்ரோலைப் பற்றவைக்கும். பிஸ்டனில் ஓட்டை விழும். அதனால்தான் கம்பெனி போட்ட 6-ஐ எடுத்துவிட்டு 8 போட்டேன். எண் கூடக் கூடக் குளிர்ச்சி. (ஃபிரிட்ஜில் வைக்கட்டுமா என்று எழுதாதீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.)

குளிர்ந்த பிளக்குக்கு ஒரு குறை உண்டு. மெதுவாக ஓட்டினால் நுனி போதிய சூடு ஏறாமல், படிகிற கரியை எரித்துத் தள்ள முடியாது. ஆனால் ஆஸ்பத்திரி போய்வரும் தூரத்தில் இவ்வளவு மோசமாகக் கூடாது.

நான்கையும் கழற்றி அனுப்புங்கள். எது எந்த சிலிண்டர் என்று எண் போடுங்கள். துடைக்கக்கூடாது. தற்காலிகத்துக்கு அலமாரியில் என் பழைய 8 ஒரு செட் இருக்கிறது, அதைப் போடுங்கள்.

ஜூலையில் மலைப்பாதைப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். வண்டி எனக்கு முழுசாக வேண்டும்.


மார்ச் 19

வைர நெஞ்சத்து மருமகளே,

பெட்டிக்குள் நான்கு பிளக்குகள். உன் அத்தை பஞ்சு சுற்றித் தொட்டில் குழந்தைகள் மாதிரி படுக்கவைத்திருக்கிறாள். துடைக்கவில்லை. துடைக்கப் போன என் கையைத் தட்டிவிட்டாள். “அவ சொன்னா சொன்னதுதான். உங்க புத்தியைக் காட்டாதீங்க.”

இவற்றைக் கழற்றிய வரலாறு தனியாக எழுதப்பட வேண்டியது. மூன்றாவது பிளக் வர மறுத்தது. ஸ்பேனரோடு நான் தொங்கினேன். கார் என்னைத் தூக்கிக்கொண்டு நின்றது. அத்தை ஜன்னல் வழியாகப் பார்த்து, “யாரு யாரைக் கழட்டுறா?” என்றாள். மேகங்களுக்குக் கேட்கும்படி ஒரு ‘டக்’. வந்துவிட்டது.

அத்தையின் முதுகு பரவாயில்லை. நீ வேலையைப் பார். இன்ஜின்களைச் சுழலவிட்டுக் காது கொடுத்துக் கேட்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்றால், அந்தக் கம்பெனி வாழ்க. என் கடையில் மெத்தையில் படுத்துப் பார்ப்பதற்குக்கூட என்னை விடுவதில்லை. விட்டால் எழுந்திருக்கமாட்டேன் என்று முதலாளிக்குத் தெரிந்திருக்கிறது.

உன் மாமா


மார்ச் 28

மாமா,

பிளக்குகளை இங்கே விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். நான்கும் ஒரே மாதிரி. கறுப்பு, காய்ந்த கரி, விரலில் மை மாதிரி ஒட்டுகிறது. எண்ணெய் இல்லை. ஆகவே இன்ஜினுக்கு ஒன்றுமில்லை.

ஓடுகிற வண்டியில் வெள்ளைப் பீங்கான் நுனியாவது வெந்து பழுப்பாகும். எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் கொஞ்சம் பழுப்பு இருக்கும். இதில் பழுப்பே இல்லை. இவை ஓடிய வண்டியின் பிளக்குகள் இல்லை. நின்ற வண்டியின் பிளக்குகள். ஒரே இடத்தில், இன்ஜின் ஓடியபடி, மணிக்கணக்காக நின்றிருக்கிறது. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல.

முதுகுவலிக்காரரைக் கூட்டிப்போகிறவர் எதற்காக அப்படி நிற்கிறார்?

அம்மாவிடம் கேட்டேன். “எனக்குத் தெரியாதும்மா, உன் மாமாவையே கேளு” என்று சொல்லிவிட்டு உடனே போனை வைத்துவிட்டாள். அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது.

கதை வேண்டாம் மாமா.


ஏப்ரல் 4

மருமகளே,

ஆஸ்பத்திரி ஸ்கேன் மிஷினையே ஏமாற்றிவிடலாம்போலிருக்கிறது, உன்னை முடியாது.

அத்தைக்கு வயிற்றில் புற்றுநோய். நீ ரயிலேறுவதற்கு முன்பே தெரியும். “அவகிட்ட மூச்சு விடாதீங்க. வேலைய விட்டுட்டு ஓடி வந்துடுவா” என்று என் வாயை அடைத்துவிட்டாள். என் வாயை அடைப்பது என்றால் அணையை அடைப்பது மாதிரி. அடைத்துவிட்டாளே. நீ காருக்காகக் கத்தியபோது அவள் உள்ளறையில்தான் இருந்தாள். நான் உன்னிடம் சொல்லிவிடுவேனோ என்று கதவருகே நின்றாள்.

மருந்து ஏற்றி முடிந்ததும் அவளால் அசைய முடிவதில்லை. முதல் நாள் டாக்சியில் வந்தோம். பாதி வழியில் வாந்தி. டிரைவர் இறக்கிவிட்டார். நடைபாதையில் உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பிறகுதான் உன் உறையைக் கழற்றினேன்.

இப்போது ஆஸ்பத்திரி பார்க்கிங்கில், தூண் ஓரமாக நிறுத்திவைக்கிறேன். சீட்டைச் சாய்த்து, ஏசியைப் போட்டு, அவள் கண்ணை மூடிக்கொள்வாள். ‘போலாம்’ என்று அவள் சொல்லும்வரை இன்ஜின் ஓடும். சில நாள் சீக்கிரம் சொல்வாள். சில நாள் இருட்டிவிடும். வாட்ச்மேன் வந்து ஜன்னலைத் தட்டுவார். “சார், இது பார்க்கிங்கா செங்கல் சூளையா?” ஒருநாள் உள்ளே எட்டிப் பார்த்தார். அதிலிருந்து தட்டுவதில்லை. மற்ற வண்டிகளை எங்கள் பக்கம் விடுவதுமில்லை.

அந்த நேரத்தில் நான் அவளுக்குக் கதை சொல்வேன். கடைக்கு வந்த ஆள் மெத்தையில் படுத்துத் தூங்கிப்போய், மனைவி ஆறு மாதம் கழித்து வந்து எழுப்பியது போன்ற உண்மைச் சம்பவங்கள். “சும்மா இருங்க, இன்ஜின் சத்தமே போதும்” என்பாள்.

களைப்பாக இருக்கிறது. எனக்குத்தான். அவள் நன்றாகத்தான் இருக்கிறாள் என்று எழுத ஆசை.

பிளக் விஷயம் என்ன ஆயிற்று?

உன் மாமா


ஏப்ரல் 11

மாமா,

அத்தையிடம் போனில் பேசிய பிறகு எழுதுகிறேன். “பக்கத்துல இருக்கிற ஆளுகிட்டக் குடுக்கட்டுமா?” என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அழுகை வந்துவிட்டது, அதனால். கோபத்தினால் இல்லை.

இனி நான் சொல்வது போல் செய்யுங்கள்.

டர்போவின் பக்கத்தில் விரல் தடிமனில் ஒரு நீலக் குழாய், ஒரு சிறிய பித்தளைத் திருகுக்குப் போகும். அந்தத் திருகுதான் பூஸ்ட்டை ஏற்றுவது. அதை எடுத்துவிட்டு, குழாயை நேராக மாட்டிவிடுங்கள். அகராதி செய்து தருவார். பூஸ்ட் பாதிக்குமேல் இறங்கிவிடும். வண்டி சாது ஆகிவிடும். அதற்குப் பிறகு சூடான பிளக் போடலாம். 8-ஐ எடுத்துவிட்டு 6 போடுங்கள். நின்று ஓடினாலும் கரியை எரித்துக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. குழாயை மாற்றாமல் 6 மட்டும் போட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் போய்விடும். இரண்டும் சேர்ந்துதான்.

மலைப்பாதைப் போட்டியில் பெயரை எடுத்துவிட்டேன். அதைப் பற்றி எழுதாதீர்கள்.


ஏப்ரல் 20

தியாகச் செம்மலே (எழுதவில்லை, கூப்பிட்டேன், அவ்வளவுதான்),

குழாய் வெற்றி. பிளக் தோல்வி. தோல்வி என்றால் சாதாரணத் தோல்வி இல்லை. இதைவிடச் சிறிய தோல்விகளில் பேரரசுகள் கவிழ்ந்திருக்கின்றன.

உன் கம்பெனி பிளக் அகராதியிடம் தீர்ந்துவிட்டது. வேறொரு கம்பெனி இருந்தது, வெளிநாட்டுச் சரக்கு, அட்டைப்பெட்டியே ராஜ களை. அதில் 6 இல்லை, 4 இருந்தது. எண் கூடக் கூடக் குளிர்ச்சி என்று நீயே எழுதியிருக்கிறாய். ஆக, குறையக் குறையச் சூடு. ஆறே நல்லது என்றால் நான்கு அமிர்தம் இல்லையா? வாங்கினேன். மாட்டினேன். மார்பை நிமிர்த்தினேன்.

மேம்பாலத்தின் உச்சியில் நின்றது. அசையவில்லை. அத்தை மருந்து ஏற்றிக்கொண்டு வருகிற நேரம். பின்னால் ஹாரன் கச்சேரி. ஒரு லாரி டிரைவர் இறங்கி வந்தார்.

“என்ன பெரியவரே, ரேஸ் காரை வெச்சிக்கிட்டு நடுரோட்டுல தூங்குறீங்க?”

அத்தை கண்ணாடியை இறக்கினாள். “ரேஸ் காருதான் தம்பி. அதான் எல்லாருக்கும் முன்னாடி வந்து நிக்குது.”

அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் பாலமே ஆடியது. அவரே தள்ளினார். பாலத்தின் சரிவு வந்ததும் இன்ஜின் இல்லாமலே உருண்டு இறங்கினோம். சத்தமே இல்லை. “இப்பதான் நல்லா இருக்கு. இப்படியே போங்க” என்றாள். பாலம் முடிந்தது. கீழே துண்டில் வாந்தி எடுத்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, “திட்டிடாதீங்க, பாவம், அந்தக் காரை” என்றாள்.

நான் காரைத் திட்டவில்லை. நான்காம் எண்ணைத் திட்டினேன். ஏன் இப்படி ஆயிற்று?

உன் மாமா


ஏப்ரல் 27

மாமா,

கம்பெனிக்குக் கம்பெனி எண்ணும் முறை வேறு. எனக்குப் பழக்கமான கம்பெனியில் எண் கூடினால் குளிர்ச்சி. நீங்கள் வாங்கியதில் எண் குறைந்தால் குளிர்ச்சி. நீங்கள் போட்டது என் ரேஸ் பிளக்கைவிடக் குளிர்ந்தது, அதனால் கரி பிடித்து நின்றுவிட்டது. இதை நான் எழுதியிருக்க வேண்டும். இங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் தோன்றவில்லை.

நானே 6 வாங்கி, கேப் சரிசெய்து அனுப்புகிறேன். நுனிக்கும் அதன்மேல் வளைந்த கம்பிக்கும் நடுவில் இருக்கிற கேப்பைத்தான் பொறி தாண்டவேண்டும். அதனால் எதிலும் இடித்துவிடாதீர்கள். கையால் முறுக்கி உட்கார்ந்த பிறகுதான் ஸ்பேனர். தொங்க வேண்டாம்.

லாரி டிரைவரிடம் அத்தை சொன்னதை இங்கே எல்லாரிடமும் சொன்னேன். என் மேலாளர் அதைச் சோதனைக் கூடத்தின் போர்டில் எழுதிவைத்திருக்கிறார்.


ஜூன் 9

மருமகளே,

உன் பிளக்குகள் அற்புதம். பார்க்கிங்கில் வண்டி பூனை மாதிரி முனகிக்கொண்டு நிற்கிறது. புகை இல்லை. வாட்ச்மேன் உடம்பு சரியில்லையா என்று வண்டியை விசாரித்தார்.

ஆனால் இனி அங்கே நிற்கிற வேலை இல்லை.

கட்டி சிறுக்கவில்லை. இன்னொரு மருந்து இருக்கிறது, இன்னும் கடுமையானது, முயற்சி செய்து பார்க்கலாம் என்றார் டாக்டர். எவ்வளவு பலன் என்று கேட்டேன். அவர் பேனாவை மூடித் திறந்தார். “போதும் டாக்டர்” என்று சொல்லி அத்தை எழுந்துவிட்டாள். எனக்கு முன்னால் நடந்து போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாள்.

நானும் பேசிப் பார்த்தேன். ஆணி வைத்த கட்டிலைக்கூட மூலிகைக் கட்டில் என்று விற்கக்கூடியவன். இவளிடம் ஒரு ஊசி விற்க முடியவில்லை. “உங்களுக்கே பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு. மூஞ்சியைக் கண்ணாடியில பாருங்க” என்கிறாள். எனக்கு அலுக்கவில்லை. நீ அவளிடம் சொல். நீ சொன்னால் கேட்பாள்.

இன்னொன்று. அவள் உன்னிடம் கேட்கச் சொன்னாள். இந்த வண்டி எதற்காகச் செய்யப்பட்டதோ அப்படி ஒரு தடவை அதில் போக வேண்டுமாம். கடலோர ரோட்டில். “மெத்தைக்கடைக்காரர் மாதிரி இல்ல. அவ ஓட்டுற மாதிரி.” எட்டாம் எண் போட வேண்டுமா? நான் எதையும் வாங்கவில்லை. நீ சொல்லாமல் ஒரு திருகாணிகூட வாங்கமாட்டேன்.

உன் மாமா


ஜூன் 17

மாமா,

அத்தையிடம் ரொம்ப நேரம் பேசினேன். மருந்தைப் பற்றிக் கேட்டேன். அவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். வற்புறுத்தவில்லை. வற்புறுத்தமாட்டேன். இதில் நான் அவர்கள் பக்கம். நீங்கள் என்னோடு பேசாமல் இருக்கலாம், இந்த முறை உங்கள் முறை.

லீவு கேட்டிருக்கிறேன். மாத முடிவில் வருகிறேன். நான்தான் ஓட்டுவேன்.

எட்டு வேண்டாம். அதற்கு நான் ஓட்டுகிற போட்டி வேகம் வேண்டும், அத்தை தாங்கமாட்டார்கள். பூஸ்ட்டை முக்கால் அளவுக்கு ஏற்றுகிறேன். அதற்கு நடுவில் உள்ள 7 சரி. என் கம்பெனி பிளக், வேறெதுவும் இல்லை.

7-ல் இரண்டு வகை உண்டு. ஒன்று சாதாரணச் செம்பு. நன்றாக எரியும், சீக்கிரம் தேய்ந்துவிடும், அடிக்கடி மாற்ற வேண்டும். இன்னொன்று இரிடியம். நுனி ஊசி மாதிரி இருக்கும், வருஷக்கணக்காகத் தாங்கும். ஒரு நாள் பயணத்துக்குச் செம்பே போதும். அத்தையைக் கேட்டு வாங்கி வையுங்கள். மாட்டாதீர்கள். நான் வந்து மாட்டுகிறேன்.


ஜூன் 24

என் எதிரியே, என் அக்கா மகளே,

உன் கடிதம் வந்தது. உன்னோடு பேசக்கூடாது என்று முடிவெடுத்தேன். காலை முதல் மதியம்வரை தாக்குப்பிடித்தேன். என் வாழ்நாள் சாதனை அது.

அத்தையிடம் இரண்டு வகையையும் விளக்கினேன். உலகத்தில் இதுவரை எந்த விற்பனையாளனும் ஒரு பிளக்கை அவ்வளவு விரிவாக விளக்கியிருக்கமாட்டான். கடைசிவரை கேட்டுவிட்டு, “செம்பே போதும்னு சொல்லுங்க. நல்லா எரிஞ்சா சரி. ரொம்ப நாள் தாங்குறது இப்ப யாருக்கு?” என்றாள். ‘காபியா டீயா’ என்பதற்குப் பதில் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுத் தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

சரி என்று அகராதி கடைக்குப் போனேன். செம்பு மேலேயே இருந்தது. எடுத்துக் கையில் கொடுத்தார். நான் வேண்டாம் என்றேன். இரிடியம் எடுங்கள் என்றேன். “ஒரு நாள் ட்ரிப்புக்கா சார்?” என்றார். எடுய்யா என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் ஏணி போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து எடுத்து, தூசி தட்டிக் கொடுத்தார். ஏழாம் எண். உன் கம்பெனி. ரெண்டு தடவை படித்துப் பார்த்தேன், அவரையும் படிக்கவைத்தேன்.

வீட்டுக்கு வந்து, மறைக்கலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. பெட்டியை அவள் மடியில் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையில் இருந்த எழுத்தைப் படித்தாள். லட்சம் கிலோமீட்டர் தாங்கும் என்று போட்டிருக்கிறான்.

“இவ்வளவு தூரமா?” என்றாள்.

“ஆமா. கடல் ரோட்டுல போய், அப்படியே உலகத்தைச் சுத்தி, பின்பக்கமா வீட்டுக்கு வந்துடலாம். ரெண்டு தடவ சுத்தினாலும் மிச்சம் இருக்கும்.”

சிரிக்கவில்லை. ஒரு பிளக்கை எடுத்து விரலுக்கு நடுவில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“என்னால இவ்வளவு தூரம் வர முடியாது. எங்கயாவது பாதி வழியில என்னை எறக்கி விட்டுட்டு, நீங்க ஓட்டிக்கிட்டுப் போங்க.”

“பாதி வழியில எறக்கி விடறதுக்கு நான் என்ன அந்த டாக்சிக்காரனா?” என்றேன்.

அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வரவில்லை. எனக்கு. நம்புவாயோ மாட்டாயோ.

அவள் பிளக்கைப் பெட்டியில் போட்டு மூடி, தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். கேட்டேன், தரவில்லை. நீ வந்தால் உன் கையில்தான் கொடுப்பாளாம். நான் எங்காவது இடித்துவிடுவேனாம்.

சீக்கிரம் வா.

உன் மாமா